கடிதம் போய்ச் சேர்ந்தது, தேதிதான் தவறியது!
ஈ-மெயிலில் தேதி மாறி வருவது ஏன்? சரிசெய்வது எப்படி?

காலையில் கடை திறந்ததும் நாம் செய்கிற வேலைகள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வாசல் தெளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழிக்கிறோம். அதற்குப் பிறகுதான் கல்லாவில் கை வைக்கிறோம். தேதி போடாமல் ஒரு துண்டுச் சீட்டுக்கூட நம் கடையிலிருந்து வெளியே போவதில்லை. ஆனால் அதே கடையில் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரில் இன்று என்ன தேதி ஓடுகிறது என்று நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? நாங்களும் பார்த்ததில்லை. பார்க்காமல் விட்டதற்கு ஒரு முறை நல்ல விலை கொடுத்தோம். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, மற்ற வியாபாரிகளுக்கு அந்த நிலை வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதுகிறோம்.

மஞ்சளில் வந்த மனத்தாங்கல்

2010ஆம் ஆண்டு. மஞ்சள் விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்த காலம். ஈரோட்டில் எங்களுக்கு இரண்டு தலைமுறையாகச் சரக்குக் கொடுத்துவரும் மண்டிக்காரர்கள், ஒரு நாள் காலை 11 மணிக்கு ஈ-மெயிலில் விலை அனுப்பியிருந்தார்கள். விரலி மஞ்சள் 40 குவிண்டால். இந்த விலை இன்று மாலை 5 மணி வரை மட்டும் என்று குறிப்பு. நாங்கள் கணக்குப் பார்த்து, அக்கம்பக்கம் விசாரித்து, 3.40 மணிக்கு "சம்மதம், நாளைக் காலை லாரி வரும்" என்று ஈ-மெயிலிலேயே பதில் போட்டோம். எழுத்தில் இருக்கிறதே என்ற தைரியத்தில் ஃபோன் செய்யவில்லை.

மறுநாள் லாரி காலியாகத் திரும்பி வந்தது. "அஞ்சு மணி வரைக்கும் பாத்தோமுங்க, உங்ககிட்ட இருந்து ஒண்ணும் வரலீங்களே. அப்புறந்தான் வேற ஆளுக்குக் கொடுத்தோமுங்க" என்றார்கள். "நாலு மணிக்கு முன்னாலயே அனுப்பிட்டோமுங்க" என்று நாங்கள் சொன்னோம். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம். விலை ஏறிய பிறகு பழைய விலைக்குக் கேட்கிறோம் என்று அவர்கள் நினைத்தார்கள். வேறு இடத்தில் அதே சரக்கை வாங்கியதில் குவிண்டாலுக்கு 300 ரூபாய் கூடுதல். மொத்தம் 12,000 ரூபாய். லாரி வாடகை தனி. பணம் போனதைவிட, கல்யாணம் காட்சிக்குப் போய்வந்த இரு குடும்பங்கள் பத்து நாள் பேசாமல் இருந்ததுதான் பெரிய வருத்தம்.

கடைசியில் அவர்கள் வீட்டுப் பையன் ஒருவன் ஈ-மெயில் பட்டியலின் அடிமட்டம் வரை தேடிப் பார்த்திருக்கிறான். எல்லாக் கடிதங்களுக்கும் கீழே, எங்கள் பதில் கிடந்தது. அதன் மேல் இருந்த தேதி 2002 ஜனவரி 1! அவர்களுடைய ஈ-மெயில் புரோகிராம், கடிதங்களை அனுப்பிய தேதிப்படி அடுக்கி வைத்திருந்தது. எட்டு வருடம் பழைய தேதியோடு வந்த கடிதம் நேராக அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மேலே புதுக் கடிதம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணில் அது எப்படிப் படும்?

எங்கள் பக்கம் விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது. சில நாட்களாகவே காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் தேதி தப்பாக வந்திருக்கிறது. பில் போடும் பையன் யாரிடமும் சொல்லாமல் தானே திருத்திக்கொண்டிருந்திருக்கிறான். அன்று பிற்பகல் மின்வெட்டு. கரண்ட் வந்து மறுபடி போட்டபோது தேதி திரும்பவும் பழையபடி போயிருக்கிறது. அந்த ஒரு தடவை திருத்த மறந்துவிட்டான். அதே நேரத்தில்தான் நாங்கள் பதில் அனுப்பினோம்.

கடிதத்துக்கு மூன்று தேதி

இதைப் புரிந்துகொள்ளத் தபால் கார்டை நினைத்துக்கொண்டால் போதும். கார்டின் மேல் மூலையில் நாம் ஒரு தேதி எழுதுகிறோம். போட்ட ஊர்த் தபால் ஆபீசில் ஒரு முத்திரை விழுகிறது. சேரும் ஊரில் இன்னொரு முத்திரை. நாம் எழுதும் தேதி தவறாக இருக்கலாம்; முத்திரை நம் கையில் இல்லை.

ஈ-மெயிலும் அப்படியே. ஈ-மெயில் புரோகிராமில் நாம் "அனுப்பு" என்று அழுத்தியதும், நம் கம்ப்யூட்டரில் அப்போது ஓடும் தேதியும் நேரமும் கடிதத்தின் தலைப்பில் எழுதப்படுகின்றன. கம்ப்யூட்டர் கடிகாரம் எதைக் காட்டுகிறதோ அதுதான் எழுதப்படும். சரியா தவறா என்று யாரும் கேட்பதில்லை. பிறகு கடிதம் செல்லும் வழியில் உள்ள ஒவ்வொரு சர்வரும் "பெற்றுக்கொண்டேன்" என்று தன் நேரத்தோடு ஒரு வரியைத் தலைப்பின் மேல் சேர்க்கிறது. ஆகவே இந்த வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் கடிதம் வந்த வழியும் நேரமும் வரிசையாகத் தெரியும். இதற்கான விதிமுறை 1982ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டு, 2001லும் 2008லும் திருத்தப்பட்டது.

எங்கள் கடிதத்தின் முழுத் தலைப்பைத் திறந்து பார்த்தபோது, நாங்கள் எழுதிய தேதி 2002 என்று இருந்தாலும், சர்வர் போட்ட வரியில் அன்றைய தேதியும் 15.41 என்ற நேரமும், பக்கத்தில் +0530 என்ற எண்ணும் தெளிவாக இருந்தன. இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான் என்று ஆயிற்று. நட்டத்தை ஆளுக்குப் பாதியாக ஏற்றுக்கொண்டோம்.

+0530 என்றால் என்ன?

கிரீன்விச் நேரத்தைவிட நம் நேரம் 5 மணி 30 நிமிடம் முன்னே இருக்கிறது என்பதற்கான குறி அது. நம் நாட்டில் இந்த ஒரே நேரம் 1906 ஜனவரி 1 முதல் வந்தது. அதற்கு முன் ரயில்கள் சென்னை நேரப்படி ஓடின. அது கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னே. பம்பாயும் கல்கத்தாவும் 1906க்குப் பிறகும் பல ஆண்டுகள் தங்கள் நேரத்தை விடவில்லை. சூரியனைப் பார்த்துக் கணக்கிட்டால் நம் கோயம்புத்தூர் நேரம் இந்திய நேரத்துக்குச் சுமார் 22 நிமிடம் பின்னால்தான் இருக்கும். ஊருக்கு ஊர் நேரம் வைத்துக்கொண்டால் வியாபாரம் நடக்காது என்பதால்தான் ஒரே நேரம் வைத்தார்கள். கம்ப்யூட்டரிலும் அந்த ஒரே நேரத்தை நாம் ஒழுங்காகக் குறித்து வைக்க வேண்டும்.

தவறு எங்கே, திருத்தம் என்ன?

முதலாவது, பேட்டரி. கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் அதன் உள்ளே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, மதர்போர்டில் காசு வடிவத்தில் ஒரு சிறு பேட்டரி இருக்கிறது. பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற எண், 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் தன் பழைய ஆரம்பத் தேதிக்கே போய்விடும். பகல் முழுவதும் சரியாக இருந்து, காலையில் மட்டும் தேதி தவறினால் சந்தேகமே வேண்டாம், பேட்டரிதான். நம் கடைகளில் இரவு பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிறோம். பாதுகாப்புக்கு அது நல்லது. ஆனால் அப்போது கடிகாரம் முழுக்கப் பேட்டரியில்தான் ஓடுகிறது. பேட்டரி சீக்கிரம் தீருகிறது. கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் கடையிலும் இந்தப் பேட்டரி கிடைக்கும். கரண்டைத் துண்டித்துவிட்டு மாற்ற வேண்டும். மாற்றியதும் தேதியைச் சரியாக வைக்க வேண்டும். தினமும் கையால் திருத்திக்கொண்டே ஓட்டுவது, ஓட்டைச் சாக்கில் சர்க்கரை கட்டுவது போன்றது.

இரண்டாவது, நாட்டு நேரம். இதுதான் பலரை ஏமாற்றுவது. கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்க மேற்குக் கரையின் பசிபிக் நேரத்தை மாற்றாமல் விட்டிருப்பார். நாம் கடிகாரத்தை மட்டும் நம்மூர் நேரத்துக்குத் திருப்பி வைத்திருப்போம். நம் திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் கடிதத்தில் +0530க்குப் பதிலாக -0800 என்று போகும். மாலை 4 மணிக்கு நாம் அனுப்பிய கடிதம், வாங்குபவர் திரையில் மறுநாள் விடியற்காலை 5.30 என்று காட்டும்! பதின்மூன்றரை மணி நேரம் தள்ளிப்போகும்; அமெரிக்காவில் கோடைக்கால நேரம் ஓடும் மாதங்களில் பன்னிரண்டரை மணி. "இன்று மாலைக்குள்" என்று கேட்டவருக்கு நம் பதில் நாளைய தேதியில் தெரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தேதி, நேரம் அமைக்கும் இடத்தில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி என்று ஒரே வரியில் இருப்பதைத் தேர்ந்தெடுத்து, அதன் பிறகு கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டும். முதலில் நாடு, பிறகு நேரம். இந்த வரிசை முக்கியம்.

மூன்றாவது, நாளும் மாதமும் இடம் மாறுவது. 04/07 என்றால் நமக்கு ஜூலை 4. அமெரிக்க முறையில் ஏப்ரல் 7. கடிதத்தின் உள்ளே மாதம் எழுத்தில்தான் எழுதப்படுகிறது. அதில் குழப்பம் இல்லை. திரையில் காட்டும் முறையில்தான் குழப்பம். 12ஆம் தேதி வரை இது கண்ணுக்குத் தெரியாது. 13ஆம் தேதிதான் "பதின்மூன்றாவது மாதம்" வந்து நம்மை விழிக்க வைக்கும். கம்ப்யூட்டரில் நாடு அமைக்கும் பகுதியில் இந்தியா என்று வைத்தால் சரியாகிவிடும். விலைக் கடிதம் எழுதும்போது நாமும் 4-7 என்று எழுதாமல் "4 ஜூலை" என்று மாதத்தைப் பெயரால் எழுதுவது நல்லது.

நான்காவது, 1970 ஜனவரி 1, காலை 5.30 மணி. சில கடிதங்கள் இப்படி ஒரு விசித்திரத் தேதியோடு வரும். பல கம்ப்யூட்டர்கள் நேரத்தை 1970 ஜனவரி 1 கிரீன்விச் நள்ளிரவிலிருந்து விநாடிகளாக எண்ணுகின்றன. கடிதத்தில் தேதி இல்லாவிட்டாலோ, படிக்க முடியாமல் இருந்தாலோ, எண்ணிக்கை பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. பூஜ்யம் என்றால் நம் நேரப்படி காலை 5.30. தவறு அனுப்பியவர் பக்கம் இருக்கிறது. நம் கம்ப்யூட்டரில் திருத்த ஒன்றுமில்லை. அனுப்பியவர் தெரிந்தவரானால் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டியதுதான்.

ஐந்தாவது, கம்ப்யூட்டர் மாற்றும்போது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்குக் கடிதங்களை மாற்றிய பிறகு, பத்து வருடக் கடிதங்களும் ஒரே தேதியில் வந்ததாகக் காட்டுவதுண்டு. பயப்பட வேண்டாம். மாற்றிய நாளைத்தான் "பெற்ற தேதி"யாக அது எடுத்துக்கொண்டிருக்கிறது. கடிதத்தின் உள்ளே எழுதிய தேதி அழிவதில்லை. பட்டியலை "அனுப்பிய தேதி"ப்படி அடுக்கினால் பழைய வரிசை திரும்பிவிடும்.

அடுக்கும் முறை

அன்றாடம் வரும் கடிதங்களுக்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். பட்டியலைப் "பெற்ற தேதி"ப்படி அடுக்கி வைத்தால், அனுப்பியவர் கடிகாரம் எப்படி இருந்தாலும் புதிதாக வந்த கடிதம் மேலேதான் நிற்கும். ஈரோட்டுக்காரர்கள் இதை மட்டும் செய்திருந்தால் எங்கள் கதை நடந்திருக்காது. எங்கள் பேட்டரியை மாற்றியிருந்தாலும் நடந்திருக்காது.

இப்போது இணையதளத்திலேயே திறந்து எழுதும் ஈ-மெயிலில் பெரும்பாலும் சர்வர் தன் நேரத்தையே போட்டுக்கொள்கிறது. கைப்பேசியில் வாட்ஸ்அப், தேதி தவறாக இருந்தால் வேலை செய்யாமல் நின்று, திருத்தச் சொல்கிறது. கம்ப்யூட்டர் தேதி வெகுவாகத் தவறியிருந்தால் வங்கித் தளம் முதலான பாதுகாப்பான தளங்கள் திறக்க மறுக்கும். "இன்டர்நெட் கெட்டுவிட்டது" என்று ஆளைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு முறை தேதியைப் பாருங்கள். கம்ப்யூட்டரிலும் கைப்பேசியிலும் "நேரத்தைத் தானாக அமை" என்ற வசதி இருக்கிறது. அதைப் போட்டு வைக்க வேண்டும். நம் நாட்டின் நேரத்தை டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு காத்துவருகிறது. ஆனால் பில் போட மட்டும் பயன்படுகிற, இன்டர்நெட் இணைக்காத பழைய கம்ப்யூட்டருக்கு இந்த வசதி உதவாது. அதற்கு நம் கண்தான் காவல்.

மறைக்காமல் ஒன்று

கம்ப்யூட்டரில் தேதி தவறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல நமக்குச் சங்கடம்தான். ஆனாலும் சொல்ல வேண்டும். மார்ச் 31 தேதியில் ஒரு பில் வேண்டும் என்று ஏப்ரலில் யாராவது கேட்பார்கள். பழகிய வாடிக்கையாளர். கம்ப்யூட்டர் தேதியைப் பின்னால் தள்ளிப் பில்லைப் போட்டுக் கொடுத்துவிட்டு, திருப்பி வைக்க மறந்துவிடுவோம். அடுத்து அனுப்பும் கடிதங்கள் எல்லாம் பழைய தேதியில் போகும். பில் நம்பர் வரிசையும் தேதி வரிசையும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. ஜி.எஸ்.டி. விதிப்படி பில் எண்கள் தொடர் வரிசையில் இருக்க வேண்டும். இ-வே பில் போடும் நேரத்தை அரசின் தளமே பதிவு செய்கிறது. அதை நாம் திருப்ப முடியாது. ஈ-மெயிலில் சர்வர் வரியையும் திருப்ப முடியாது. ஒருவருக்கு உதவி செய்யப் போய் நம் கணக்குப் புத்தகமே சந்தேகத்துக்கு ஆளாகும். முன்தேதி போடும் பழக்கத்தை விட்டுவிடுவதே நமக்குப் பாதுகாப்பு.

மாதந்தோறும் ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல் செய்பவருக்கு மறுமாதம் 11ஆம் தேதி கெடு என்பது தெரிந்ததே. மாதக் கடைசியில் போட்ட பில், தவறான தேதியால் வேறு மாதத்தில் விழுந்தால், வாங்கிய கடைக்காரருக்கு உள்ளீட்டு வரி எடுப்பதில் சிக்கல் வரும். தவறு நம்முடையது, அலைச்சல் அவருடையது.

சட்டம் என்ன சொல்கிறது?

2000 அக்டோபர் 17 முதல் அமலுக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை, நம் கட்டுப்பாட்டை விட்டு வெளியே உள்ள கம்ப்யூட்டர் அமைப்புக்குள் கடிதம் நுழையும் நேரமே அனுப்பிய நேரம். வாங்குபவர் குறிப்பிட்டுக் கொடுத்த அமைப்புக்குள் அது நுழையும் நேரமே பெற்ற நேரம். அவர் திறந்து படித்த நேரம் கணக்கில் இல்லை. அதாவது நாம் எழுதிய தேதியைவிட முத்திரைக்குத்தான் மதிப்பு.

ஆகவே தகராறு வரக்கூடிய கடிதத்தை அழிக்கக் கூடாது. அச்செடுத்து ஃபைலில் வைத்தால் மட்டும் போதாது. அச்சில் பெரும்பாலும் முழுத் தலைப்பு வராது. இன்னொருவருக்கு மறு அஞ்சல் செய்தாலும் பழைய தலைப்பு அப்படியே போவதில்லை. வந்த கடிதம் வந்தபடியே கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் மின்னணு ஆவணத்தைச் சான்றாகக் கொடுப்பதற்கு உரிய சான்றிதழோடு கொடுக்க வேண்டும் என்பது முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த நிலை வந்தால் வக்கீலைக் கலந்துகொள்வது அவசியம்.

பழைய பேரேடு சொல்லும் பாடம்

நம் பாட்டன்மார் எழுதிய பேரேட்டைத் திறந்து பாருங்கள். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵ என்று தனித்தனிக் குறி வைத்திருந்தார்கள். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷. தேதிக்கும் பணத்துக்கும் சமமான மரியாதை கொடுத்திருக்கிறார்கள். தேதி தவறினால் வட்டி தவறும், வட்டி தவறினால் உறவு தவறும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் கடையில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். காலண்டர் தாளைக் கிழிக்கிறவரே கம்ப்யூட்டரைப் போட்டு, கீழ் மூலையில் உள்ள தேதியையும் நேரத்தையும் கிழித்த தாளோடு ஒத்துப்பார்க்க வேண்டும். கரண்ட் போய் வந்தால் மறுபடி ஒரு முறை. தவறினால் தானே திருத்திக்கொள்ளாமல் எங்களிடம் சொல்ல வேண்டும். மாதம் ஒரு முறை நமக்கு நாமே ஒரு கடிதம் அனுப்பி, அதன் முழுத் தலைப்பில் +0530 இருக்கிறதா என்று பார்க்கிறோம். இதற்கெல்லாம் ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை.

மஞ்சளை இன்றும் அந்த ஈரோட்டு மண்டியில்தான் வாங்குகிறோம். விலையும் சம்மதமும் எழுத்தில்தான். ஆனால் எழுதி அனுப்பிய கையோடு ஒரு ஃபோனும் செய்துவிடுகிறோம். "மெயில் போட்டிருக்கோமுங்க, வந்துருச்சான்னு பாத்துச் சொல்லுங்க" என்கிறோம். "வந்துருச்சுங்க, மேலயே இருக்குதுங்க" என்று அவர்கள் சொன்ன பிறகுதான் லாரிக்குச் சொல்கிறோம்.